‘செட்’ என்ற ஆங்கிலச் சொல்லை எங்கிருந்து பிடிப்பது?

“போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். அகராதியில் ‘செட்’ என்று தேடினால் பக்கம் பக்கமாக ஓடுகிறது. இதில் எதை மனப்பாடம் செய்வது, எதை விடுவது?” என்பது கேள்வி. கேட்டவர் கடலூர்க்காரர். அதனால் உதாரணங்களையும் கடலூரிலிருந்தும் பக்கத்துப் புதுச்சேரியிலிருந்துமே எடுத்துக்கொள்கிறேன்.

மலைத்துப் போனதில் தப்பே இல்லை. 1989-இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பிலேயே மிக நீளமான பதிவு இந்தச் சொல்லுக்குத்தான். வினைச்சொல்லுக்கு மட்டும் ஏறக்குறைய 430 பொருள்கள், 60,000 சொற்களில் விளக்கம். பிறகு அந்த அகராதியைத் திருத்தி எழுதியபோது ‘ரன்’ 645 பொருள்களோடு இதை முந்திவிட்டது. ஆனாலும் தேர்வில் ஆளைக் கவிழ்ப்பது என்னவோ செட்தான்.

மனப்பாடம் வேண்டாம். முதலில், எஸ்-இ-டி என்று ஒரே எழுத்தில் இருந்தாலும் இவை பிறப்பால் இரண்டு சொற்கள் என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள். டீ செட், பல் செட், கணக்கில் வரும் ‘கணம்’ எல்லாம் ஒரு குடும்பம். இவை பழைய பிரெஞ்சின் ‘செட்’ வழியாக, லத்தீனின் ‘செக்டா’விலிருந்து வந்தவை. ஒருவரைப் பின்பற்றும் கூட்டம் என்பது அதன் பொருள். மதப்பிரிவைக் குறிக்கும் ‘செக்ட்’ என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததுதான். அலாரம் செட் செய்வது, சிமென்ட் செட் ஆவது, சூரியன் செட் ஆவது எல்லாம் வேறு குடும்பம். அது பழைய ஆங்கிலத்திலேயே இருந்த வினைச்சொல். காலப்போக்கில் இரண்டும் உரசிக்கொண்டு ஒன்றின் சாயல் மற்றதில் ஏறியிருக்கிறது. ஆனாலும் படிக்கும்போது தனித்தனியாக வைத்துக்கொண்டால் பாதிச் சுமை குறையும்.

வினைச்சொல்லைப் புரிந்துகொள்ளத் தமிழ் இலக்கணமே போதும். பள்ளியில் தன்வினை, பிறவினை படித்திருப்பீர்கள்: திருந்து–திருத்து, அமர்–அமர்த்து, இரு–இருத்து. ‘செட்’ என்பது ‘சிட்’டின் பிறவினை, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் இப்படி இன்னும் சில ஜோடிகள் மிச்சமிருக்கின்றன. மரம் விழுந்தால் ‘ஃபால்’, மரத்தை வெட்டி வீழ்த்தினால் ‘ஃபெல்’. படுத்தால் ‘லை’, கிடத்தினால் ‘லே’. எழுந்தால் ‘ரைஸ்’, எழுப்பினால் ‘ரெய்ஸ்’. ஆகவே செட்டின் அடிப்பொருள் ‘இருத்து’. ஒரு பொருளை அதற்கு உரிய இடத்தில், உரிய நிலையில் இருத்துவது.

‘புட்’டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று உடனே கேட்பார்கள். ‘புட்’ என்றால் சும்மா வைப்பது. ‘செட்’ என்றால் அளவு பார்த்து, ஒரு நோக்கத்தோடு வைப்பது. தட்டை மேசையில் வைத்தால் ‘புட்’. முள்கரண்டி இடப்பக்கம், கத்தி வலப்பக்கம் வெட்டும் விளிம்பு தட்டைப் பார்த்தபடி, கத்திக்கு வெளியே ஸ்பூன் என்று பரிமாறுவதற்குத் தயாராக்கினால் ‘செட் தி டேபிள்’. புதுச்சேரி உணவகங்களில் வேலைக்குச் சேரும் பையன்களுக்கு முதலில் கற்றுத்தருகிற வேலைகளில் ஒன்று இது. எலியைப் பிடிக்கப் பொறி வைப்பது, கடிகாரத்தில் நேரம் வைப்பது, கேள்வித்தாள் எடுப்பது, விலை நிர்ணயிப்பது, கல்யாணத்துக்கு நாள் குறிப்பது, சாதனை படைப்பது என எல்லாவற்றுக்கும் செட் வருவது இதனால்தான். தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனி வினை இருக்கிறது, ஆங்கிலம் ஒரே வினையை வைத்து ஒப்பேற்றுகிறது. மொழிபெயர்க்கும்போது ‘அமைத்தார், அமைத்தார்’ என்று ஒரே சொல்லால் எல்லாவற்றையும் மூடாமல் அந்தந்த வினையைப் போட்டால்தான் தமிழ் தமிழாக இருக்கும்.

தொழில் சார்ந்த ஒன்றிரண்டைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். தட்டார் மோதிரத்தில் கல் பதிப்பது ‘செட்டிங்’. வைரத்தோடு வாங்கப் போனால் “ஓபன் செட்டிங்கா, க்ளோஸ் செட்டிங்கா?” என்று கடைக்காரர் கேட்பது இந்தப் பொருளில்தான். முதலாவதில் கல்லின் பின்பக்கம் திறந்திருக்கும், வெளிச்சம் ஊடுருவும். இரண்டாவதில் பின்பக்கத்தைத் தங்கம் மூடியிருக்கும். விலகிய எலும்பை நேர்ப்படுத்திப் பொருத்துவது ‘செட்டிங் தி போன்’. அச்சகத்தில் எழுத்துக் கோப்பது ‘டைப்செட்டிங்’. பாரதியார் 1908-இல் புதுவைக்கு வந்தபின் ‘இந்தியா’ பத்திரிகை அங்கிருந்து வெளியானதே, அதன் ஒவ்வொரு ஈய எழுத்தையும் ஒருவர் கையால் எடுத்து அச்சுக்கோலில் இருத்தியிருப்பார். அதே பாரதியார் பாட்டுக்கு இசையமைப்பாளர் மெட்டுப் போட்டால் ‘செட் டு மியூசிக்’. ஒரு கதை புதுச்சேரியில் நடந்தால் ‘தி ஸ்டோரி இஸ் செட் இன் புதுச்சேரி’. இங்கே கதையைப் புதுச்சேரியில் எழுதினார்கள் என்றோ படம் பிடித்தார்கள் என்றோ பொருள் இல்லை. கதைக்களம் புதுச்சேரி, அவ்வளவே. படப்பிடிப்பு வேறு எங்காவது செட் போட்டு நடந்திருக்கலாம்!

அடுத்த கிளை, தானே இறுகுவது. இங்கே செட்டுக்குச் செயப்படுபொருள் கிடையாது. தயிர் உறைகிறது, சிமென்ட் இறுகுகிறது, ஜெல்லி கெட்டியாகிறது. இளகிய நிலையிலிருந்து ஒரு நிலைக்கு வந்து அமர்கிறது என்பதுதான் உள்ளே இருக்கும் எண்ணம். ‘ட்ரை’ (காய்தல்), ‘ஹார்டன்’ (வலுப்பெறுதல்) ஆகியவற்றோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். வீடு கட்டுகிற இடத்தில் இந்தக் குழப்பம் காசைத் தின்றுவிடும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சிமென்ட் காய்ந்து கெட்டியாவதில்லை. தண்ணீரோடு வேதிவினை புரிந்து கெட்டியாகிறது. அதனால்தான் தண்ணீருக்கு அடியிலும் அது இறுகும். சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்டுக்கு ஐஎஸ் 269 தரநிலை இரண்டு எல்லைகளை வைத்திருக்கிறது. தொடக்க இறுக்கம் 30 நிமிடத்துக்கு முன்பு வரக்கூடாது, இறுதி இறுக்கம் 600 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. விகாட் கருவியில் இதைச் சோதிப்பார்கள். 40 மில்லிமீட்டர் உயர அச்சில் சிமென்ட் பசையை நிரப்பி, 1 மில்லிமீட்டர் சதுர ஊசியை அதன்மேல் விடுவார்கள். முதலில் ஊசி அடிவரை இறங்கும். அடியிலிருந்து சுமார் 5 மில்லிமீட்டர் உயரத்திலேயே நின்றுவிடும் நேரம்தான் தொடக்க இறுக்கம், ‘இனிஷியல் செட்டிங் டைம்’. கொத்தனார் “கலவை செட் ஆயிடுச்சு” என்றால் ஏறக்குறைய இந்த நிலையைத்தான் சொல்கிறார். சித்திரை வெயிலில் மஞ்சக்குப்பத்து மாடியில் கலந்து வைத்த கலவை சீக்கிரமே இந்த நிலைக்கு வந்துவிடும். அப்போது மேலே ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து பூசுவார்கள். கலவை மறுபடி இளகியது போலத் தெரியும். ஆனால் பிடித்துவந்த பிணைப்பு உடைந்துபோயிருக்கும், கூடுதல் தண்ணீர் வலுவையும் குறைக்கும். பின்னாளில் பூச்சு தட்டினால் ‘டொக் டொக்’ என்று கேட்பதற்கு இது ஒரு காரணம். இறுகிய கலவையை ஒதுக்கிவிட்டு, அரை மணி நேரத்தில் பூசி முடிக்கும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதுதான் வழி.

செட் ஆன பிறகுதான் ‘ஹார்டனிங்’ தொடங்குகிறது. கான்கிரீட்டின் வலுவை 28 நாளில் அளப்பது இதற்காக. இடையில் தண்ணீர் விடுவதை நிறுத்தினால் வேதிவினையும் நிற்கும். சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமென்ட்டுக்கு 10 நாள் ஈரம் காயாமல் வைக்க வேண்டும் என்கிறது ஐஎஸ் 456. ஆகவே ‘தி சிமென்ட் ஹாஸ் ட்ரைட்’ என்று எழுதுவது தவறான இடத்தில் தவறான சொல். ‘ஹாஸ் செட்’ என்பதே சரி.

தயிரும் இப்படித்தான். ‘செட் கர்ட்’ என்று கோப்பையில் விற்கிறார்களே, அது அந்தக் கோப்பையிலேயே உறைந்தது என்று பொருள். பெரிய பாத்திரத்தில் உறையவைத்துக் கடைந்து அடைத்ததற்கு ‘ஸ்டர்ட்’ என்று வேறு பெயர். ஒரு லிட்டர் பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு, அதாவது 40 முதல் 45 டிகிரிக்கு ஆறவிட்டு, ஒரு தேக்கரண்டி உறை ஊற்றிக் கலக்கிவிட்டு ஆறு முதல் எட்டு மணி நேரம் அசைக்காமல் வைத்தால் ‘இட் செட்ஸ்’. கொதிக்கக் கொதிக்க உறை ஊற்றினால் நுண்ணுயிர்கள் செத்துவிடும், உறையாது. பாதியில் தூக்கிப் பார்த்துப் பார்த்து வைத்தால் கட்டி உடைந்து மேலே தண்ணீர் பிரிந்து நிற்கும். ஆங்கிலத்தில் அதைத்தான் ‘இட் டிட்ன்ட் செட் ப்ராப்பர்லி’ என்பார்கள். கடற்பாசியில் செய்யும் ஜெல்லி அறை வெப்பத்திலேயே செட் ஆகும், ஜெலட்டினுக்குக் குளிர்ப்பெட்டி வேண்டும். பழமரத்தில் பூ காயாக மாறிப் பிடிப்பதற்கும் ‘ஃப்ரூட் செட்’ என்றே பெயர். பண்ருட்டி முந்திரி விவசாயி ‘காய் பிடிப்பு’ என்று சொல்வதை வேளாண் அறிக்கைகளில் இந்தச் சொல்லால் காண்பீர்கள். இறுக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லாதது போலத் தோன்றும். உதிர்ந்துபோகாமல் நிலைத்துவிட்டது என்ற எண்ணம்தான் இரண்டுக்கும் பொது.

சூரியன் செட் ஆவதும் செயப்படுபொருள் இல்லாத செட்தான். உட்காருகிறது, இறங்கி அமர்கிறது. ஆனால் கட்டுரை எழுதும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. சில்வர் பீச்சில் நின்றாலும் சரி, புதுவைக் கடற்கரைச் சாலையில் நின்றாலும் சரி, கடல் கிழக்கே இருக்கிறது. ‘தி சன் செட்ஸ் இன்டு தி சீ’ என்று பாடப்புத்தகத்திலிருந்து அப்படியே இறக்கி எழுதாதீர்கள். நம் ஊரில் சூரியன் கடலிலிருந்து எழும், ஊருக்குப் பின்னால் இறங்கும். ‘பிஹைண்ட் தி டவுன்’ என்று எழுதினால் இலக்கணமும் சரி, பூகோளமும் சரி.

இனி தேர்வில் அதிகம் கேட்கப்படும் பகுதிக்கு வருவோம். செட்டோடு சின்னச் சின்ன ஒட்டுச்சொற்கள் சேர்ந்து உருவாகும் வினைகள். இதில்தான் மதிப்பெண் போகிறது.

‘செட் இன்’: ஒன்று தொடங்கி, சீக்கிரம் விலகாமல் தங்கிவிடுவது. ‘தி மான்சூன் ஹாஸ் செட் இன்.’ தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கான வழக்கமான தேதி அக்டோபர் 20. பேச்சில் “மழை பிடிச்சுக்கிச்சு” என்கிறோமே, அந்தப் ‘பிடிச்சுக்கிச்சு’தான் இதற்கு மிக நெருக்கம். பெரும்பாலும் விரும்பத்தகாதவற்றோடு வரும்: குளிர், அழுகல், சீழ், சோர்வு. ‘தி ஹாலிடேஸ் ஹாவ் செட் இன்’ என்று யாரும் எழுதமாட்டார்கள். செயப்படுபொருள் கிடையாது, ஆகவே செயப்பாட்டுவினையும் கிடையாது. ‘வாஸ் செட் இன்’ என்று விடைகளில் ஒன்று இருந்து, கேள்வி மழையைப் பற்றியது என்றால் அதை முதலிலேயே அடித்துவிடலாம்.

‘செட் ஆஃப்’ கொஞ்சம் வம்பு பிடித்தது. கிளம்புவது ஒன்று: ‘வி செட் ஆஃப் அட் ஃபைவ்.’ வெடியைக் கொளுத்துவதும், அலாரத்தை அலறவிடுவதும், ஒரு கலவரத்தைத் தூண்டிவிடுவதும் இரண்டாவது. ஒன்றின் அழகை இன்னொன்று எடுத்துக்காட்டுவது மூன்றாவது. புதுவையின் பிரெஞ்சுத் தெருக்களில் மஞ்சள் சுவரின் ஓரங்களிலும் ஜன்னல் விளிம்புகளிலும் வெள்ளைப் பட்டை ஓடும். அந்த வெள்ளை அந்த மஞ்சளை ‘செட்ஸ் ஆஃப்’ செய்கிறது. நான்காவது கணக்கிலும் சட்டத்திலும் வரும்: ஒன்றை மற்றொன்றில் கழித்து ஈடுகட்டுவது. விசாரணைக் கைதியாகச் சிறையில் இருந்த நாள்களைத் தண்டனைக் காலத்தில் கழித்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு ‘செட்-ஆஃப்’ என்று பெயர். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 428-ஆம் பிரிவு இதைப் பற்றியது. கிளம்புவது என்ற பொருளில் மட்டும் செயப்படுபொருள் வராது, மற்ற மூன்றிலும் வரும். இந்த ஒரு குறிப்பே பாதிக் குழப்பத்தைத் தீர்க்கும்.

‘செட் அவுட்’டும் கிளம்புவதுதான். ஆனால் ஒரு நோக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும், பின்னால் ‘டு’ போட்டு வினை வரும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்ததும் கடலூர் துறைமுகத்திலிருந்து விசைப்படகுகள் ‘செட் அவுட் டு ஃபிஷ்’. இதே சொல் விதிகளை வரிசையாக எடுத்துரைப்பதற்கும் வரும். கட்டுமானத்தில் ‘செட்டிங் அவுட்’ என்றால் கடைக்கால் தோண்டும் முன் வரைபடத்தைத் தரையில் கயிறு கட்டிக் குறிப்பது. ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து, இரண்டு முனைகளுக்கும் நடுவே சரியாக 5 அடி வந்தால் மூலை செங்கோணம். கடைசியில் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து சமமா என்று பார்க்க வேண்டும். இதை விட்டுவிட்டால் கோணல் சுவர் தெரியவருவது தரைக்கு ஓடு பதிக்கும்போதுதான், அப்போது ஒன்றும் செய்ய முடியாது.

‘செட் அபௌட்’ வந்தால் பின்னால் ‘-இங்’ வடிவம் வர வேண்டும். ‘செட் அவுட்’ வந்தால் ‘டு’. தேர்வுகளுக்குப் பிடித்தமான பொறி இது: ‘ஷி செட் அபௌட் க்ளீனிங்’, ‘ஷி செட் அவுட் டு க்ளீன்’.

‘செட் அப்’ என்றால் நிறுவுவது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-இல் ‘வாஸ் செட் அப்’. விசாரணைக்குழு, அறக்கட்டளை, கூடாரம், கணினி எல்லாவற்றுக்கும் பொருந்தும். வினையாக இருந்தால் இரண்டு சொல், பெயராக இருந்தால் ‘செட்டப்’ என்று ஒரே சொல். ஆனால் ஆளைச் செயப்படுபொருளாகப் போடும்போது பார்த்துப் போடுங்கள். ‘ஐ செட் ஹிம் அப்’ என்றால் பெரும்பாலும் அவனைப் பொய்யாகச் சிக்கவைத்தேன் என்று பொருள். அவனுக்குத் தொழில் வைத்துக்கொடுத்தேன் என்று சொல்ல வேண்டுமானால் ‘இன் பிசினஸ்’ என்று சேர்த்தாக வேண்டும். தமிழில் ‘செட்டப்பு’ என்ற சொல் போய்ச் சேர்ந்திருக்கும் இடம் உங்களுக்கே தெரியும். அதை ஆங்கிலக் கடிதத்தில் கொண்டுவராதீர்கள்.

‘செட் பேக்’: பின்னுக்குத் தள்ளுவது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல் முந்திரித் தோப்புகளையும் பலாத் தோப்புகளையும் வேரோடு சாய்த்தது. புதுக் கன்று நட்டு அது காய்க்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பதால் ‘தி சைக்ளோன் செட் தி ஃபார்மர்ஸ் பேக் பை இயர்ஸ்’ என்பது பொருத்தமான வாக்கியம். பெயராக வரும்போது ‘செட்பேக்’ என்றால் பின்னடைவு. ஆனால் நம் ஊரில் வீடு கட்டுகிற எல்லாருக்கும் தெரிந்த ‘செட்பேக்’ வேறு: எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவே விதிப்படி விட வேண்டிய வெற்றிடம். அதன் அளவு சாலையின் அகலம், கட்டடத்தின் உயரம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். அனுமதி வாங்கிய வரைபடத்தில் காட்டிவிட்டு, கட்டும்போது படிக்கட்டையோ கழிவறையையோ அந்த இடத்தில் சொருகுவதுதான் பின்னால் நோட்டீஸ் வருவதற்கு வழக்கமான காரணம். புதுவையின் பழைய பகுதியில் நடந்து பார்த்தால் இந்த விதி பிறப்பதற்கு முந்தைய ஊர் தெரியும். பிரெஞ்சு வீடுகளின் மதில் தெருவிளிம்பிலேயே எழும், திறந்தவெளி எல்லாம் உள்முற்றத்தில். தமிழ் வீடுகளில் திண்ணையும் மரத்தூண் போட்ட தாழ்வாரமும் தெருவோடு தெருவாக நிற்கும். செட்பேக் கேட்டிருந்தால் அந்தத் தெருக்களுக்கு அந்த முகமே வந்திருக்காது.

‘செட் அசைட்’டைத்தான் தமிழில் அதிகம் தப்பாக மொழிபெயர்க்கிறார்கள். பணத்தையோ நேரத்தையோ என்றால் ஒதுக்கிவைப்பது, சரி. நீதிமன்றம் என்றால் கதையே வேறு. புதுச்சேரியும் சென்னை உயர் நீதிமன்றத்தின் வரம்புக்குள்தான் வருகிறது. அந்த உயர் நீதிமன்றம் கீழ்நீதிமன்ற உத்தரவை ‘செட் அசைட்’ செய்தது என்றால் ரத்து செய்துவிட்டது என்று பொருள். ‘தீர்ப்பை ஒதுக்கி வைத்தது’ என்று எழுதினால் படிப்பவர் தீர்ப்பு இன்னும் வரவில்லை என்று நினைத்துக்கொள்வார். அதற்கு ஆங்கிலத்தில் ‘ரிசர்வ்ட்’, தமிழில் ‘தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்தது’. மனுவை ஏற்காமல் விட்டால் ‘டிஸ்மிஸ்’, தள்ளுபடி. உத்தரவை அப்போதைக்கு நிறுத்திவைத்தால் ‘ஸ்டே’, இடைக்காலத் தடை. மொழிபெயர்ப்புத் தாளுக்குப் படிப்பவர்கள் இந்த நான்கையும் ஒன்றாக வைத்துப் பழகுவது நல்லது.

‘செட் அப்’, ‘செட் அசைட்’ போன்றவற்றோடு ‘இட்’, ‘தெம்’ போன்ற சுட்டுப்பெயர் வந்தால் அது நடுவில்தான் உட்காரும்: ‘செட் இட் அப்’, ‘செட் இட் அசைட்’. ‘செட் அப் இட்’ தவறு. தீ வைப்பதில் இன்னொரு சிக்கல். ‘செட் ஃபயர் டு தி ஹட்’ அல்லது ‘செட் தி ஹட் ஆன் ஃபயர்’. முன்னதில் ‘டு’வை விழுங்கிவிட்டு எழுதும் பழக்கம் பரவலாக இருக்கிறது.

காலம் காட்டுவதில் செட் மாறாது. நிகழ்காலம், இறந்தகாலம், முற்றுவடிவம் மூன்றும் செட்தான். ‘செட்டட்’ என்று ஒன்று கிடையாது. எனவே ‘ஹி செட் தி அலாரம்’ என்றால் அது இறந்தகாலம். நிகழ்காலமாக இருந்தால் ‘ஹி செட்ஸ்’ என்று ‘எஸ்’ வந்திருக்கும். ‘ஐ செட்’, ‘தே செட்’ போன்றவற்றில் காலத்தைப் பக்கத்திலுள்ள சொற்களைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ‘செட்டிங்’ எழுதும்போது டி இரண்டு. செய்தித் தலைப்பில் ‘இஸ் செட் டு’ என்று வந்தால் அது செய்யப்போகிறது, செய்யவுள்ளது என்று பொருள். ‘ஃபேர்ஸ் செட் டு ரைஸ்’ என்றால் கட்டணம் இன்னும் உயரவில்லை.

விளையாட்டில் உள்ள செட் சுலபம், ஓடிப் பார்த்துவிடலாம். டென்னிசில் இரண்டு ஆட்டம் முன்னிலையோடு முதலில் 6 ஆட்டம் ஜெயித்தால் ஒரு செட். கைப்பந்தில் 25 புள்ளி, ஐந்தாவது செட் மட்டும் 15. அதிலேயே அடிப்பவருக்குப் பந்தை ஏற்றிக்கொடுப்பவர் ‘செட்டர்’. இந்த இரண்டும் வேறு வேறு குடும்பத்து செட்கள், ஒரே மைதானத்தில் நிற்கின்றன. ஓட்டப்பந்தயத்தில் ‘ஆன் யுவர் மார்க்ஸ்’, ‘செட்’, பிறகு துப்பாக்கி. ‘செட்’ என்றதும் இடுப்பைத் தோளுக்குச் சற்று மேலே தூக்கி, அசையாமல் நிற்க வேண்டும். 400 மீட்டர் வரையிலான ஓட்டங்களில்தான் இந்தக் கட்டளை. 800 மீட்டரில் நின்றபடி தொடங்குவதால் ‘செட்’ சொல்லமாட்டார்கள். பள்ளி விளையாட்டு விழாக்களில் எல்லா ஓட்டத்துக்கும் சொல்லிவிடுகிறார்கள்.

பெயர்ச்சொல் குடும்பத்தில் தமிழர்களுக்கு இருக்கும் சிக்கல், நாம் ஏற்கெனவே இந்தச் சொல்லை நம் போக்கில் பழக்கிவிட்டோம் என்பது. “அவன் எங்க செட்டு” என்றால் ஒன்றாகப் படித்தவன். ஆங்கிலத்தில் அதற்கு ‘பேட்ச்மேட்’ அல்லது ‘க்ளாஸ்மேட்’. ‘ஹி இஸ் மை செட்’ என்றால் யாருக்கும் விளங்காது. “எனக்கும் அவருக்கும் செட் ஆகாது” என்பதற்கு ‘வி டோன்ட் கெட் அலாங்’, “இந்தக் கலர் உனக்கு செட் ஆகல” என்பதற்கு ‘இட் டசின்ட் சூட் யூ’. இரண்டு இடத்திலும் ஆங்கிலத்தில் செட் வராது. ‘பம்புசெட்டு’ இந்திய ஆங்கிலத்தில் உண்டு, வெளிநாட்டவருக்கு ‘பம்ப்’ என்றால் போதும். “பம்புசெட்டுல குளிச்சோம்” என்பதில் நாம் இடத்தைச் சொல்கிறோம், அங்கே ‘அட் தி ஃபார்ம் பம்ப்’ என்று போடுங்கள். கணக்கில் வரும் ‘கணம்’ இன்னும் கறாரானது. அங்கே வரிசைக்கும் மதிப்பில்லை, திரும்ப வருவதற்கும் மதிப்பில்லை. 2, 4, 4 என்று எழுதினாலும் 4, 2 என்று எழுதினாலும் அது ஒரே கணம். டீ செட்டில் ஆறு கோப்பையும் ஆறாகவே எண்ணப்படும்.

கடைசியாக, டி இரண்டு போட்ட ‘செட்’ ஒன்று இருக்கிறது. ‘பேட்ஜர்’ என்ற விலங்கின் வளைக்கும், தெருவில் பதிக்கும் செவ்வகக் கல்லுக்கும் இந்த எழுத்துக்கோவைதான். நமக்கு வேண்டியது மூன்றாவது: கரும்பின் விதைக்கரணை. கடலூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் கரும்பு ஆராய்ச்சி நிலையமே இருப்பதால் இந்த மாவட்டத்து வேளாண் குறிப்புகளில் ‘டூ-பட்டட் செட்ஸ்’ என்று அடிக்கடி கண்ணில் படும். இருபருக் கரணை என்று பொருள். ஏக்கருக்கு 30,000 கரணை என்பது பரிந்துரை. ஆறு முதல் எட்டு மாத விதைக்கரும்பிலிருந்து, கணு பிளக்காமல் கூர்மையான கத்தியால் ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். பிளந்தால் அந்த வழியாகப் பூஞ்சணம் ஏறிக் கரணை அழுகும். பாத்தியில் வைக்கும்போது பருக்கள் பக்கவாட்டில் இருக்கும்படி படுக்கவைக்க வேண்டும், கீழ்நோக்கி இருந்தால் முளைப்பு தாமதமாகும். மொழிபெயர்ப்பில் இதை ‘கரும்புத் தொகுப்பு’ என்று எழுதினால், நெல்லிக்குப்பத்து விவசாயி ஒருவருக்கும் புரியாது.